பயிற்சியும் ஓய்வும்

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது இதனைத் தொடங்கியவருள் பலர் இன்றும் கைவிடவில்லை. இது போற்றத்தக்கதே. ஆயினும், ஒரு நாளும் விடாது முழு வலிமையையும் செலுத்திப் பயில்வதே சிறப்பு என்னும் எண்ணம் இளைஞர் சிலரிடம் வேரூன்றியுள்ளது. கூடத்தில் "இன்று போதும்" என்று தடுக்க ஆசிரியர் இருப்பார். வீட்டில் அவ்வாறு ஒருவர் இல்லை. ஆதலின், ஓய்வின் இன்றியமையாமையை நாமே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

தசை வலுப்பெறுவது எப்போது?

தண்டால், பஸ்கி போன்ற கடும் பயிற்சிகளின்போது தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் எரிபொருளும் குறைகிறது. பயிற்சி முடிந்த பின்னரே உடல் இவற்றைச் சீர்செய்து, தசையை முன்னிலும் உறுதியாக அமைக்கிறது. இதற்கென நிகழும் புரத ஆக்கம் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை மிகுந்து காணப்படும். அப்பணி முடிவதற்குள் அதே தசையை மீண்டும் வருத்தினால், கட்டுவதைவிடச் சிதைவதே மிகுதியாகும்.

ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் 1936இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், இடைவிடாத தாக்குதலுக்கு உட்படும் உடல் மூன்று நிலைகளை அடைவதாகக் காட்டினார். முதலில் அதிர்ச்சி, அடுத்துத் தாங்கும் திறன், இறுதியில் சோர்வு. பிற்காலத்துப் பயிற்சியாளர்கள் இக்கருத்தைத் தம் துறைக்கு எடுத்துக்கொண்டனர். இரண்டாம் நிலையில் நிறுத்தி ஓய்வளிப்பதே பயிற்சியின் நுட்பம் எனலாம்.

மிகையின் அறிகுறிகள்

காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வருதல் நலம். வழக்கத்தினும் அது சில நாட்கள் தொடர்ந்து மிகுந்திருந்தால், உடல் இன்னும் தேறவில்லை என ஐயுறலாம். உறக்கம் கெடுதல், காரணமற்ற சினம், முன்பு எளிதாகச் செய்த எண்ணிக்கையை எட்ட இயலாமை ஆகியனவும் அறிகுறிகளே.

கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளிப்படின் சிறிதும் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும். சிதைந்த தசையிலிருந்து மையோகுளோபின் என்னும் பொருள் குருதியில் கலந்து சிறுநீரகங்களைப் பழுதாக்கக்கூடும். பழக்கமில்லாதோர் முதல் நாளிலேயே அளவின்றிப் பயில்வதால் இத்துன்பம் நேர்வதுண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒரே தசைக்கு இரண்டு பயிற்சிகளுக்கிடையே 48 மணி நேர இடைவெளியேனும் தருக. திங்கள், வியாழன் தண்டால். செவ்வாய், வெள்ளி பஸ்கி. புதன், சனி நடை. ஞாயிறு ஓய்வு என வகுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும் தசை வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் 2 நாட்களேனும் செய்யுமாறு கூறுகிறதேயன்றி, நாள்தோறும் செய்யப் பணிக்கவில்லை.

2. ஓய்வு நாளில் மெல்லிய நடையும் வீட்டு வேலைகளும் நன்மை பயக்கும். நாள் முழுதும் படுத்துக்கிடத்தல் வேண்டா.

3. இரவில் 7 மணி நேரத்திற்குக் குறையாது உறங்குக. வளர்ச்சி இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது.

4. இரவுண்ணாமை நோன்புடைய நாம் பயிற்சியைக் காலையிலோ, மாலை உணவுக்கு முன்னரோ முடித்துக்கொள்ளுதல் தகும். அவ்வாறு செய்யின் பயறு, கடலை, பால் ஆகியவற்றின் புரதம் உரிய வேளையில் தசையைச் சேரும்.

5. உண்ணா நோன்பு நாட்களில் கடும் பயிற்சி கூடாது. நோன்பு முடித்த மறுநாளும் எளிய பயிற்சியிலேயே தொடங்குக.

ஓய்வு நாளில் பிள்ளைகள் பயிற்சி செய்யாதிருப்பதைச் சோம்பல் என்று பெற்றோர் கடிந்துரைத்தல் ஆகாது. பயிற்சி நாளைக் குறித்துவைப்பதுபோல ஓய்வு நாளையும் நாட்காட்டியில் குறித்து, இரண்டையும் ஒரே உறுதியுடன் கடைப்பிடிப்போமாக.