பொழுதுக்கு ஒரு பண்... மேகத்துக்கு ஒரு ராகம்!

ஒரே கோயில். ஒரே நாகஸ்வரம். வாசிப்பவரும் அதே பெரியவர்தான். ஆனால், விடியற்காலை திருவனந்தலில் கேட்டபோது துள்ளி எழச் செய்த அந்த நாதம், இரவு பள்ளியறை பூஜையில் கண்களைச் சொக்க வைத்தது!

காவிரிக் கரையில் உள்ள ஒரு சிவாலயத்தில் கிடைத்த அனுபவம் இது. ‘‘எந்த நேரத்துக்கு எந்த ராகம்னு எப்படி ஐயா முடிவு செய்றீங்க?’’ என்று கேட்டேன். சிரித்தபடியே சொன்னார் பெரியவர்: ‘‘நான் எங்கேம்மா ராகத்தை எடுக்கிறேன்? பொழுதுதான் எடுத்துக் கொடுக்குது. நான் வாசிக்கிறேன்... அவ்வளவுதான்!’’

எளிமையான பதில். ஆனால், அதற்குள் நம் முன்னோரின் பெரிய இசை அறிவே அடங்கியிருக்கிறது. என்னவென்று பார்ப்போமா?

நிலமும் பொழுதும் யாழும்

முல்லைக்குக் கார்காலமும் மாலைப் பொழுதும், குறிஞ்சிக்குக் கூதிர்காலமும் நள்ளிரவு யாமமும், மருதத்துக்கு வைகறையும் விடியலும் என்று வகுத்தது தொல்காப்பியம். அதே நூல், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு யாழையும் சேர்த்தது. மழைக்கும் வெயிலுக்கும் இசைக்கும் உறவு உண்டு என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்!

இந்த மரபின் தொடர்ச்சிதான் தேவாரப் பண்கள். இவற்றைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பகற்பண்ணான புறநீர்மையை இன்று பூபாளம் என்கிறோம், விடியலின் ராகம். எந்த நேரமும் பாடத் தகுந்த பொதுப்பண்ணில் ஒன்று செந்துருத்தி, இன்றைய மத்யமாவதி.

இராப்பண்களில் ஒன்றின் பெயரே அழகு... மேகராகக் குறிஞ்சி! இன்று நாம் நீலாம்பரி என்கிறோமே, அதுதான். குழந்தையைத் தூங்க வைக்கும் தாலாட்டு ராகமும் இதுவே. கருமேகம் சூழ்ந்தால் பகலும் இரவுபோல் ஆகிவிடுகிறது அல்லவா? அதனால்தானோ என்னவோ, மேகத்தின் பண்ணை இரவின் பண்ணாகவே வைத்தார்கள்!

முகில் பார்த்த மந்திகள்

இந்தப் பண்ணில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களில் ஒன்று திருவையாற்றுக்கு உரியது. அதில் ஓர் இனிய காட்சி. கோயிலை வலம் வரும் பெண்கள் நடனம் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அதை இடி முழக்கம் என்று எண்ணி, மழை வரப் போகிறதே என்று அஞ்சிய மந்திகள், மரத்தில் ஏறி மேகத்தைப் பார்க்கின்றனவாம்! பண்ணிலும் மேகம்... பாட்டிலும் மேகம்! வானத்தைப் பார்த்து வாழ்ந்த கவியுள்ளத்தில் இசையும் சொல்லும் ஒன்றாகவே ஊறியிருக்கின்றன.

பருவம் மனதை மட்டுமல்ல, வாத்தியத்தையும் மாற்றும். ஈரக் காற்று பட்டால் தவிலின் தோல் தளர்ந்து நாதம் இறங்கும், வெயிலில் இறுகும். நாகஸ்வரத்தின் சீவாளியோ நாணல் வகையில் செய்வது. ஈரத்தின் அளவு சற்றே மாறினாலும் அதன் குரல் மாறிவிடும். அதனால்தான் வித்வான்கள் பல சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

மார்கழி விடியலில் எங்கோ பாடும் பாட்டு நம் வீட்டு வாசல் வரை கேட்பது ஏன் தெரியுமா? தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், மேலே உள்ள காற்று சற்று வெம்மையாகவும் இருக்கும்போது ஒலி மேலே சிதறாமல் தரைப் பக்கமே வளைந்து நெடுந்தூரம் போகும். ஊரும் அடங்கியிருக்கும்.

‘ராகத்தைப் பொழுதே தீர்மானித்துவிட்டால், கலைஞனின் கற்பனைக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். பெரியவரிடம் இதையும் கேட்டேன். ‘‘ராகம் ஒண்ணுதான். ஆனா, நேத்து விடிஞ்ச மாதிரியா இன்னிக்கு விடியுது? மழைக் காலத்துல சீவாளியே, ‘மெதுவாப் போ’ன்னு சொல்லும். நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். அப்போ புதுசா ஒரு பிடி வந்து விழும்!’’ என்றார்.

2019-ஆம் ஆண்டு வறட்சியின்போது, தமிழகக் கோயில்களில் மழை வேண்டி யாகங்கள் நடந்தன. அமிர்தவர்ஷினி ராகம் இசைத்தார்கள். மேகராகக் குறிஞ்சிப் பதிகங்களும் ஒலித்தன. பாடினால் மழை வருமா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால், ஊரே கூடி வானத்தை நிமிர்ந்து பார்க்க அந்தப் பண் காரணமானதே, அது பெரிய விஷயம் இல்லையா?

இன்று பல கோயில்களில் பூஜை நேரத்தில் மின்சார முரசுதான் ஒலிக்கிறது. அதற்கு விடியலும் தெரியாது; மழையும் தெரியாது. எல்லா வேளையும் ஒரே சத்தம். ஓதுவாரும் நாகஸ்வரக்காரரும் இல்லாத கோயிலில் நாம் இழப்பது இசையை மட்டுமல்ல. பொழுதை உணரும் காதையும்தான்!

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரே நாளில் இரண்டு முறை சென்று வாருங்கள். விடியலில் ஒரு முறை... அர்த்தஜாமத்தில் ஒரு முறை. ஓதுவாரோ நாகஸ்வர வித்வானோ இருந்தால், சற்று நின்று கேளுங்கள். ‘இது என்ன பண் ஐயா?’ என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால், அவர்கள் நாதத்தில் நாளையும் ஒரு புது விடியல் பிறக்கும்!