முட்டைக் காசு நோட்டு

அமெரிக்காவின் அயோவாவில் ஒருவர் இறந்தால் ஊர்ப் பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு எழுதித் தருவது பெரும்பாலும் குடும்பத்தார் வேலை. மாமியார் இறந்தபோது அதை எழுதும் பொறுப்பு, தமிழ் மருமகளான என் தலையில் விழுந்தது. அவருடைய பிள்ளைகளைக் கேட்டேன். "நல்ல அம்மா, நன்றாகச் சமைப்பார், சர்ச்சுக்குத் தவறாமல் போவார்." எந்த அம்மாவுக்கும் பொருந்துகிற பேச்சு! குணத்தை விட்டுவிட்டு, "திங்கட்கிழமை காலையில் என்ன செய்வார்?" என்று மாற்றிக் கேட்டதும்தான் வாய் திறந்தார்கள். திங்கள் துவைப்பு, செவ்வாய் இஸ்திரி, சனிக்கிழமை முட்டைக் கூடையோடு டவுன். நீங்களும் இப்படியே கேளுங்கள்.

அந்த முட்டையைப் பிடித்துக்கொண்டு போனால் நிறையக் கிடைக்கும். பண்ணையில் சோளமும் பன்றியும் விற்ற பணம் கடனுக்கும் டிராக்டருக்கும் போய்விடும். முட்டையும் கிரீமும் விற்ற காசுதான் பண்ணை வீட்டுப் பெண்ணின் கைக்காசு. மளிகை, பிள்ளைகளின் ஷூ எல்லாம் அதில்தான். மாமியாரின் நோட்டில் தேதிவாரியாக எத்தனை டஜன், என்ன விலை, எதற்குச் செலவு என்று பென்சிலில் இருக்கிறது. ஆனால் 1950 சென்சஸில் இவரைப் போன்றவர்களுக்கு 'வீட்டு வேலை' என்பதைக் குறிக்க ஓர் எழுத்துத்தான் போட்டார்கள். (72 ஆண்டு ரகசியக் காலம் முடிந்து 2022 ஏப்ரலில் அது வெளியானது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.) இறந்தவர் சொத்து மீதான அந்தக் கால வரிச் சட்டமும் சளைத்ததில்லை. நிலம் இருவர் பெயரில் இருந்தாலும், கணவர் இறந்தால் பொதுவாக முழுதும் அவர் சொத்தாகவே கணக்காகும். தன் காசும் அதில் இருக்கிறது என்று மனைவிதான் ஆதாரம் காட்ட வேண்டும். 1981-இல்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அரசுக் கணக்கில் வராத உழைப்பு நோட்டில்தான் இருக்கும். அதனால் கணக்கு நோட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

பழைய பத்திரிகைகளில் தேடும்போது மாமியார் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. 1970-கள் வரை 'திருமதி' போட்டுக் கணவர் பெயரைத்தான் அச்சிடுவார்கள். அப்படித் தேடித்தான் கவுண்டி (மாவட்ட) கண்காட்சியில் அவருடைய வெள்ளரி ஊறுகாய் நீல ரிப்பன், அதாவது முதல் பரிசு, வாங்கிய செய்தி கிடைத்தது. சமையல் குறிப்பு அட்டைகளில் எண்ணெய்க் கறை அதிகம் உள்ளதை முதலில் எடுங்கள். எங்கள் வீட்டில் அது ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்யும் 'பை' பலகாரம். ஓரத்தில் மாமனாரை நினைத்து ஒரு குறிப்பு: 'அவருக்கென்றால் சர்க்கரை கால் கப் கூட.'

சவ அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் ஜெல்லோவும் பரிமாறுகிற பாட்டிமார்களிடம் அவசியம் பேசுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். 1981-க்கும் 1986-க்கும் நடுவில் அயோவாவில் நில விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வட்டி கழுத்தை நெரித்தது. அப்போது மாமியார் பள்ளிச் சமையலறையில் வேலைக்குப் போனார். பொழுது போகாமல் போனார் என்றே என் கணவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். சம்பளம் நேரே பேங்க் தவணைக்குப் போனதை, கூட வேலை பார்த்த பாட்டிதான் சொன்னார்.

பல பத்திரிகைகளில் நீளத்துக்கு ஏற்பக் காசு கேட்பார்கள். அங்கே சுருக்கமாகக் கொடுங்கள். நீளமானதைக் கவுண்டி வரலாற்றுச் சங்கத்திடம் கேட்டுப்பாருங்கள். எங்களிடம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நோட்டைக் கொடுக்க மட்டும் மூத்த மச்சினர் சம்மதிக்கவில்லை. ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.