‘உலகே மாயம்’: தத்துவமா, தனிமையா?

1953இல் வெளிவந்த ‘தேவதாஸ்’ படத்தில் கண்டசாலா பாடிய ‘உலகே மாயம்’ பாடலை வேதாந்தப் பாடல் என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர், 1896இல் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராகி, தெளிந்த மனத்துடன் வேதாந்தம் எழுதினார். தேவதாஸோ பார்வதியை இழந்து மதுவில் வீழ்ந்தவன். மது மூளையின் செயலை மந்தமாக்கும். நாளடைவில் அதே மயக்கத்திற்குக் கூடுதல் அளவு தேவைப்படும் என்கிறது அறிவியல். தனிமை குடிக்கத் தூண்டுகிறது. குடியோ தனிமையை வளர்க்கிறது. உறவுகளெல்லாம் விலகியபின் உலகம் மாயமாகத் தோன்றுவது இயல்பன்றோ? எங்கள் தெருவிலும் இப்பாடலை முணுமுணுத்தபடி தள்ளாடி வருபவரைக் கண்டு சிரிக்கிறோம். நண்பர்களே, அவர் துணை தேடுகிறார். சிரிப்பை நிறுத்திச் செவிசாய்ப்போமாக!