மடிக்கணினியின் திரையும் விரைவும்: ஒரு யந்திரம் கற்பிக்கும் பாடம்

பொருளை விலைகொடுத்து வாங்குதல் எளிது. வாங்கிய பொருளை அறிந்து ஆளுதல் அரிது. நம் கலாசாலை மாணாக்கருள் மடிக்கணினியை அறியாதார் இக்காலத்தில் இலர். ஆயினும், அது நாளடைவில் மந்தமாவது ஏன், அதன் திரை கண்ணை வருத்துவது ஏன், அதன் உறுப்புகளுள் மாற்றத்தக்கது எது, தகாதது எது என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. புதியது வாங்கப் பொருளில்லாதார் பலர், அலுவலகங்கள் சில ஆண்டுகள் வழங்கிக் கழித்துவிட்ட யந்திரங்களைக் குறைந்த விலைக்கு வாங்குகின்றனர். பெற்றோர் வருந்திச் சேர்த்த பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். ஆதலின் தேர்வு தவறினால் வரும் நஷ்டம் சிறிதன்று. இதுபற்றி, அலுவலக யந்திரம் ஒன்றை உதாரணமாகக் கொண்டு, அதனை ஆண்டவர்கள் கண்ட அனுபவங்களை ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொண்டது திங்க்பேட் எக்ஸ் 220 என்பது. திங்க்பேட் என்னும் பெயரால் மடிக்கணினிகளை 1992-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டது ஐ.பி.எம். கம்பெனி. 2005-இல் அக்கம்பெனியின் கணினித் தொழிலை லெனோவோ கம்பெனி வாங்கிற்று. எக்ஸ் 220 வெளிவந்தது 2011-இல். பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அதனைக் கைவிடாது செப்பனிட்டு வழங்குவோர் பல தேசங்களிலும் உளர். அதன் குணமும் குற்றமும் நன்கு வெளிப்பட்டமையால், பாடத்திற்கு ஏற்றது அதுவே.

1. திரை

இதன் திரை குறுக்களவில் 12.5 அங்குலம். அதில் அகலத்தில் 1366, உயரத்தில் 768 ஆகப் பிக்சல் எனப்படும் ஒளிப்புள்ளிகள் அமைந்துள்ளன. இதற்கு முன் வந்த எக்ஸ் 201-இன் திரையில் அவை 1280-உம் 800-உம் ஆம். பெருக்கிப் பார்த்தால் பழையதில் 10,24,000 புள்ளிகளும் புதியதில் 10,49,088 புள்ளிகளும் வரும். எண்ணிக்கை சற்று மிகுந்தும், கடிதமும் கணக்கும் எழுதுவோர் மனங்குறைந்தனர். எங்ஙனமெனில், அகலம் வளர்ந்து உயரத்தில் 32 வரிசைகள் குறைந்தன. படங் காண்பார்க்கு அகலம் நன்று. ஏடு படிப்பார்க்கு உயரமே வேண்டும். இவ்வரிசையின் உயர்ந்த மாதிரியாகிய எக்ஸ் 1 கார்பன், 2021-இல் மீண்டும் உயரமான திரையைப் பெற்றது.

இனி, திரையின் வகையை நோக்குவோம். எக்ஸ் 220-க்கு டி.என். என்றும் ஐ.பி.எஸ். என்றும் இருவகைத் திரைகள் உண்டு. இரண்டிலும் புள்ளிகளின் தொகை ஒன்றே. வேற்றுமை திரவப் படிகத்தின் போக்கில் உள்ளது. டி.என். வகையில் அதன் அணுத்திரள்கள் முறுக்கிக்கொண்டு நின்று, மின்னழுத்தம் பட்டவுடன் திரைக்குச் செங்குத்தாக நிமிர்கின்றன. ஆதலால் நேரே நோக்குங்கால் தெளிவாகத் தோன்றும் படம், மேலிருந்தோ கீழிருந்தோ நோக்கினால் வெளிறியும் நிறம் மாறியும் தோன்றும். ஐ.பி.எஸ். வகையில் அவை திரையின் தளத்திலேயே திரும்புகின்றன. எப்பக்கத்தினின்று நோக்கினும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. விலையில் சிறிது மிச்சம் பிடித்து டி.என். திரையை வாங்கினோருட் பலர், பின்னர் யந்திரத்தைப் பிரித்து ஐ.பி.எஸ். பலகையைப் பொருத்திக்கொண்டனர். அதுவும் குற்றமற்றதன்று. நெடுநேரம் ஒரே படம் நின்றால், அதன் நிழல் மெல்லிதாகத் தங்கிச் சிலபோது கழிந்து மறைவதைக் கண்டோர் உளர். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையை விரும்பினாரோ, தனியே ஒரு மின்சுற்றுப் பலகையைச் சேர்க்க வேண்டியவராயினர். அது கைதேர்ந்தார்க்கே இயலும்.

2. விரைவு

நிற்க. யந்திரம் மந்தமாயிற்று என்பார் பெரும்பாலும் பிராசஸரையே பழிப்பர். அனுபவசாலிகள் கண்டது வேறு. பழைய ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தகடு. அது நிமிஷத்திற்கு 7200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்கின்றது. வேண்டிய இடம் ஊசிமுனையின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று, அஃதாவது விநாடியில் 240-இல் ஒரு பங்கு செல்லும். ஊசியைத் தாங்கிய கை இடம்பெயருங் காலம் இதனின் வேறு. ஆகவே, ஆங்காங்குச் சிதறிய செய்திகளை எடுக்கப் புகுந்தால் விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அரிது. எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாச் சேமிப்பியோ அதே விநாடியில் பல்லாயிரம் இடங்களைத் தொடும். தகட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தியோர், தம் யந்திரம் புத்துயிர் பெற்றதென்று ஒருமுகமாகச் சொல்லுகின்றனர்.

அடுத்தது ராம் என்னும் தற்கால நினைவு. அது போதாதபோது யந்திரம் மிச்சத்தைச் சேமிப்பியில் எழுதி எழுதிப் படிக்கின்றது. மேசையிற் புத்தகம் பரப்ப இடமின்றி, ஒவ்வொன்றையும் அலமாரியில் வைத்து எடுப்பார் நிலை அது. எக்ஸ் 220-இல் நினைவுத் துண்டுகள் செருக இரண்டு இடங்கள் உள. வெளியானபோது 8 ஜி.பி. வரை என்று அறிவிக்கப்பட்ட போதிலும், பின்னர் 16 ஜி.பி. பொருத்தி வெற்றி கண்டோர் அநேகர். ஒரே துண்டினும் இரட்டைத் துண்டு நன்று; ஏனெனில் இருவழியாகச் செய்தி செல்லுதலின், படங்காட்டும் பகுதியும் விரைவடைகின்றது.

3. மாற்றுதலும் அதன் எல்லையும்

இவ்வுறுப்புகளை மாற்றுதல் கடினமன்று. சேமிப்பியின் மூடியை ஒரு திருகாணியும், நினைவின் மூடியை இரண்டு திருகாணிகளும் காக்கின்றன. எனினும், அளவறியாது வாங்கி வருந்தினோரும் உளர். சேமிப்பி அறையின் கனம் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர்த் தகடு அதனுள் அமையாது. கம்பியில்லா இணைப்புக்குரிய அட்டையை மாற்றப் புகுந்தோர்க்கு வேறொரு தடை நேர்ந்தது. கம்பெனி ஒப்பிய அட்டையல்லாததைச் செருகினால் யந்திரம் 1802 என்னும் பிழையெண்ணைக் காட்டித் தொடங்க மறுத்துவிடும்.

மாற்றவே இயலாதனவும் உண்டு. எக்ஸ் 220-இன் பிராசஸர் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. அதே ஆண்டில் வந்த டி 420-இலோ அதனைக் கழற்றி மாற்றலாம். இக்காலத்து இணைய வீடியோக்கள் வி.பி.9 போன்ற புது முறைகளிற் சுருக்கப்பட்டுள்ளன. அவற்றை விரிக்கும் தனியுறுப்பு இந்த யந்திரத்தில் இல்லாமையால், முழுப் பாரமும் பிராசஸர்மேல் விழுந்து சூடு மிகும். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இன் நிபந்தனைகள் இதனை ஏற்பதில்லை. ஆகவே இதனை வைத்திருப்போர் பலர் லினக்ஸை நாடுகின்றனர்.

4. பெறப்படும் பாடம்

இவற்றால் விளங்கும் நியதி ஒன்றே. வாங்கும்போது மாற்ற இயலாததை முதலில் தேர்க; மாற்ற இயல்வதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்க. நல்ல திரையும் போதிய பிராசஸரும் உடையது, நினைவு குறைந்திருப்பினும் கொள்ளத்தக்கது. மங்கிய திரையுடையது, நினைவு மிகுந்திருப்பினும் தள்ளத்தக்கது. கடையில் வெண்மையான பக்கமொன்றையும் ஒரு முகத்தின் படத்தையும் திரையில் வைத்து, மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பின் திரையின் வகை தானே விளங்கும். நினைவுக்குச் செருகுமிடம் உண்டா, பலகையிலேயே ஒட்டப்பட்டதா என்றும் வினவுதல் வேண்டும். 2012-இல் வந்த எக்ஸ் 1 கார்பன் முதலாக மெல்லிய யந்திரங்கள் பலவற்றில் நினைவு ஒட்டப்பட்டே வருகின்றது. அவற்றை வாங்குவோர் வேண்டிய அளவை முதலிலேயே பெறுதல் நலம். 2024-இல் வந்த டி 14 ஐந்தாந் தலைமுறையில் செருகுமிடம் இரண்டும் இருத்தலால், இவ்வழக்கு முற்றும் ஒழிந்துவிடவில்லை என்றறிக.

யந்திரத்தைத் திறக்குமுன் எழுதியவற்றையெல்லாம் வேறிடத்திற் படியெடுத்து வைத்தலும், மின்கம்பியையும் பேட்டரியையும் நீக்குதலும், திருகாணிகளை எடுத்த முறையே வரிசையாக வைத்தலும் மறவற்க.

ஐயாயிரம் பேர் உண்ட பின்னரும் எஞ்சிய துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்ன ஆண்டவரின் செயலை நாம் அறிவோம். கழிக்கப்பட்ட யந்திரம் ஒன்றைச் செப்பனிட்டு, ஏழை மாணவன் ஒருவன் தன் பட்டப் படிப்பை முடிப்பானாயின், அதுவும் நல்ல உக்கிராணத்துவமே. கருவியை ஆளுமுன் கருவியை அறிக. அறிந்தபின் அதனை எளிதில் எறியத் துணியோம்.