கதவை அடைத்தால் ஈரம் போகாது

ஜன்னல் இல்லாத குளியலறையைப் பற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் நம்பிக்கை ஒன்று உண்டு. கதவை இடுக்கில்லாமல் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அது ஈரம் முழுவதையும் உறிஞ்சிவிடுமாம். கரப்பான் வராது, படுக்கையறையின் ஏசி குளிர்ச்சி வீணாகாது என்ற காரணங்களும் சேர்ந்துகொள்ள, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. பூசணத்துக்கு இதைவிட நல்ல உபசாரம் கிடையாது.

ஃபேன் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. காற்றை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். வர வழியில்லாத அறையில் இறக்கை சுற்றும், சத்தம் கேட்கும், காற்று மட்டும் பேருக்குத்தான் நகரும். போதாக்குறைக்கு, உள்ளே அழுத்தம் குறைவதால் தரை வடிகாலின் நீர் வற்றிய டிராப் வழியாகச் சாக்கடை வாடை ஏறிவரும். பழி பிளம்பர் தலையில் விழும்.

ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் கொண்ட குளியலறையில் இருப்பது சுமார் 8 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 30 கிராம். அறைக் காற்று முழுவதும் சேர்ந்தும் ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் சுமக்கும். குளித்தபின் சுவரிலும் தரையிலும் வாளியின் அடியிலும் தங்குவது அதைவிட அதிகம். ஆகவே காற்று திரும்பத் திரும்ப மாறியாக வேண்டும். தேவைப்படும்போது மட்டும் ஓடும் குளியலறை ஃபேன் நிமிடத்துக்கு 50 கன அடி, அதாவது மணிக்கு 85 கன மீட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 தரநிலை. இந்த அறைக்கு அது மணிக்குப் பத்து முறைக் காற்று மாற்றம். அவ்வளவும் உள்ளே வர, 75 செ.மீ. அகலக் கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி போதும், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு லூவர்.

சோதிக்க ஒரு டிஷ்யூ காகிதம் போதும். கதவு திறந்திருக்கும்போது ஃபேனின் கிரில்லில் ஒட்டிக்கொள்ளும் காகிதம், கதவை மூடியதும் நழுவி விழுந்தால் குற்றவாளி ரப்பர் பட்டைதான்.

குளித்து முடித்ததும் ஃபேனை நிறுத்திவிடுவது இன்னொரு சிக்கனம். உலரும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அப்போது தரையையும் டைல்ஸையும் வைப்பரால் வழித்துவிடுவது ஃபேனின் வேலையில் பாதியைக் குறைக்கும்.

ஈரத்தை உறிஞ்சக் கிண்ணத்தில் உப்பு வைப்பது வீண். பாச்சை உருண்டை வாடையை மறைக்கும், ஈரத்தைத் தொடாது. பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட் ஈரம் நிற்கும் சுவரில் கொஞ்ச காலமே தாங்கும். பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும், காரணத்தை விட்டுவிடும். அதோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இது ஆபத்து.

பலரும் அண்ணாந்து பார்க்காத இடம் ஒன்று உண்டு: ஃபேன் காற்றை எங்கே விடுகிறது என்பது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயே விட்டுவிட்டால் ஈரம் இடம் மாறுகிறதே தவிர வீட்டைவிட்டுப் போவதில்லை. ஃபேனின் குழாய் போய்ச் சேரும் பொது டக்டையும், புறா வருகிறது, மழை விழுகிறது என்று மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒரு வீட்டுக் குளியலறையின் ஈரமும் வாடையும் மேல்வீட்டுக்குப் போக இதுவே காரணம். குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கழற்ற வேண்டியது அந்த ஷீட்டைத்தான். புறாவுக்கு வலை போதும். மழைநீருக்கு டக்டின் அடியில் வடிகால் வைத்தால் போதும்.