ஆய்வேடும் அரங்கும்

கேள்வி: நான் கூத்து பயில்கிறேன். முனைவர் பட்ட ஆய்வும் செய்ய ஆசை. ஆய்வு என் கலையைக் காயவைத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: இல்லை. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகமே இதற்குச் சான்று. அங்கே எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து 1953-இல் நூல் வெளியிட்டார். அம்பலாங்கொடைப் பகுதியின் மரபுக் கலைஞர் ஒருவரிடம் நாடகம எனும் வடிவத்தைக் கற்று, 1956-இல் ‘மனமே’யை மேடையேற்றினார். சிங்கள அரங்கின் போக்கையே மாற்றிய படைப்பு அது.

அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தைக் கையிலெடுத்தார். கூத்து ஆசான்களான அண்ணாவிமாரின் துணையோடு மாணவர்களை ஆடவைத்தார். விடியவிடிய நடந்த கூத்தின் வடிவத்தைச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபு நாடகங்களையே ஆராய்ந்து முனைவரானார். ஆட்டம் அவருடைய ஆய்வுக்கு உரமாயிற்று.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சியது: நகர மேடைக்கு வந்த கூத்தால் ஊருக்கு என்ன பயன்? மட்டக்களப்பின் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் அதற்கு விடை தேடியது. அங்கே ஊர் மக்களே கூடிப் பேசி, கதையில் சாதியும் பெண்ணும் காட்டப்படும் விதத்தை மாற்றினார்கள்.

ஆகவே தயங்காமல் ஆய்வில் இறங்குங்கள். உங்களுக்குக் கற்பிக்கும் அண்ணாவியாரைத் தகவலாளி என்று அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள். ஆசிரியர் என்றே எழுதுங்கள். முடிவுகளை முதலில் அந்த ஊரிலேயே பேசுங்கள், ஆடிக்காட்டுங்கள்.