கேஸ் வகுப்பில் பேசாத மாணவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எம்பிஏ வகுப்பில் வாய் திறக்கவே தயக்கமாக இருக்கிறது, பேராசிரியர் கடைசிவரை விடையைச் சொல்வதே இல்லை என்று எழுதியிருந்தாய். உனக்கு அறிவு போதவில்லை என்று மட்டும் எண்ணிவிடாதே.

கேஸ் முறையை வணிகக் கல்விக்குக் கொண்டுவந்தது 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல். அதன் ஒத்துழைப்போடு 1961இல் எழுந்த அகமதாபாத் ஐஐஎம் அதை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கையில் கொடுத்து, 'அந்த மேலாளர் நீயானால் என்ன செய்வாய்?' என்று கேட்பார்கள். வாதத்தில்தான் அறிவு பிறக்கிறது, ஆசிரியரையும் மறுக்கலாம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நீயோ புக் பேக் கேள்விகளிலும் விடைக்குறிப்பிலும் வளர்ந்தவன். வாத்தியாரை மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம்.

கல்வி உளவியலாளர் வில்லியம் பெர்ரி 1970இல் வெளியிட்ட நூலில் மாணவர் மனம் வளர்வதைப் படிப்படியாக வரைந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சரியான விடை உண்டு, அது ஆசிரியருக்குத் தெரியும் என்று நம்புவது அதில் கீழ்ப்படி. அவர் பேட்டி கண்டவர்கள் பெரும்பாலும் ஹார்வர்ட் இளைஞர்கள். அந்த ஏணியில் உலகத்து மாணவரையெல்லாம் நிறுத்தி அளப்பது நியாயமில்லை. கல்வி ஆய்வாளர்களான டேவிட் வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் 1996இல் தொகுத்த 'தி சைனீஸ் லேர்னர்' நூல், சீன மாணவர்கள் மனப்பாடத்தின் வழியாகவே ஆழமாகப் புரிந்துகொள்ளவும் செய்கிறார்கள் என்று காட்டியது.

மனப்பாடமும் புரிதலும் சேர்ந்தே வளரும் என்பதை நம் செட்டிநாட்டு நகரத்தார் அனுபவத்தில் அறிந்தவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த அவர்களது வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கெழுதிப் பழகினான், வட்டிக் கணக்கை மனத்தில் ஏற்றினான், யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தான். பிறகு அடுத்தாள் ஆனான். திறமை இருந்தால், முதலாளி கடல் கடந்து இருக்க, கடையையே நடத்தும் மேலாள் ஆனான். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று அவன் தானே முடிவெடுத்தாக வேண்டும். எந்த விடைக்குறிப்பும் அங்கே உதவாது.

ஆகவே உன் மனப்பாடப் பழக்கத்தைத் தூக்கி எறியாதே. நாளைய கேஸில் உள்ள எண்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போ. ஆனால் அதோடு நின்றுவிடாதே. யாராவது அந்த எண்களுக்கு ஒவ்வாத முடிவைச் சொன்னால், அது பேராசிரியராகவே இருந்தாலும், கையைத் தூக்கி, 'சார், எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று காரணத்தோடு சொல். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அன்புடன்,
அண்ணன்